முதிர்வுத் தேதிக்காரர்

பணம் விஷயத்தில் மனிதர்கள் பல ரகம். வந்ததும் செலவழிப்பவர், வருவதற்கு முன்பே செலவழிப்பவர், அடுத்தவருக்கு வந்ததைச் செலவழிப்பவர் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடுவோம், அவர்களைப் பற்றி அவரவர் மாமனார்களே வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். இங்கே நாம் பார்க்கப்போவது வேறொரு ரகம். மிக உத்தமமான ரகம். கடன் வாங்க மாட்டார், வரி பாக்கி வைக்க மாட்டார், ஆசை காட்டுகிற சீட்டுக் கம்பெனிப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார், பெண்ணைப் பெற்றவர்கள் விளக்குப் போட்டுத் தேடுகிற மாப்பிள்ளை அவர்தான். கொடுத்த பிறகு அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த ரகத்துக்கு முதிர்வுத் தேதிக்காரர் என்று பெயர் வைப்போம்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பேங்க்கில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிற பேனாவை இவர் தொட மாட்டார். சொந்தப் பேனா சட்டைப் பையில் இருக்கும், கூடவே ஒரு சின்னப் பசை டப்பா, ஆதார் நகல், பான் நகல், இரண்டிலும் முன்கூட்டியே போட்டு வைத்த கையெழுத்து. ஏப்ரல் பிறந்தால் வட்டியில் வரி பிடிக்காமல் இருப்பதற்கான படிவத்தை எடுத்துக்கொண்டு, ஷட்டர் முழுசாக ஏறுவதற்குள் குனிந்து உள்ளே போகிறவர் இவர்தான். தீபாவளி என்றைக்கு என்று கேட்டால், "தபால் ஆபீஸ் டெபாசிட்டு முடியுதே, அதுக்கு அடுத்த வாரம்" என்பார். பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு நல்ல நேரம், ராகு காலம். இவருக்கு முதிர்வுத் தேதி, முதிர்வுக்கு முந்தைய காலம். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் இவர் வாயிலிருந்து வருவது ஒரே பதில்.

"மெச்சூர் ஆவட்டும்."

இதில் தப்பு என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு தப்பும் இல்லை. அதுதானே கஷ்டம்! குடித்துவிட்டு வருகிற புருஷனைத் திட்டலாம், சீட்டாடுகிறவனை நாலு பேர் முன்னால் நிற்க வைக்கலாம். சேமிக்கிறவரை என்ன சொல்லித் திட்டுவீர்கள்? திட்டினால் ஊர் உங்களைத்தான் பார்க்கும்.

நம் சவரிராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில், சூளைக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுவு தொட்டி, க்ளோசெட் எல்லாம் சுடுகிற சூளை. அவர் வேலையில் சேர்ந்த புதிதில், வெளியூரிலிருந்து வந்த மேனேஜர் ஒருவர், அவசர ஆர்டர், லாரி வாசலில் நிற்கிறது என்று, சூளை ஆறுவதற்குள் கதவைத் திறக்கச் சொன்னார். "ஆறட்டும் சார்" என்று சவரிராஜ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே போனது. உள்ளே அடுக்கியிருந்ததெல்லாம் பட் பட் என்று வெடித்து, ஊரில் கல்யாணமோ என்று பக்கத்து ஷெட்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். லாரி காலியாகத் திரும்பிப் போனது. மேனேஜரும் சீக்கிரமே போனார்.

அன்றைக்குச் சவரிராஜ் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். நல்ல பாடம்தான். ஆனால் சூளைக்கென்று கற்ற பாடத்தைச் சூளையோடு விட்டாரா? டெபாசிட் ரசீதைக் கையில் வாங்கிய நாளிலேயே அவருக்கு அது குட்டிச் சூளையாகத் தெரிந்துவிட்டது. தேதிக்கு முன்னால் திறந்தால் வெடிக்கும். வட்டி வெடிக்கும், அபராதம் வெடிக்கும், குடும்பம் வெடிக்கும். தேதி வந்த பிறகு? தேதி வந்ததும் கதவைத் திறந்து, உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்து, சந்தோஷப்பட்டு, மறுபடியும் மூடிவிட வேண்டும். இந்த இடத்தில்தான் கொஞ்சம் இடிக்கிறது. சூளையில் வெந்த சாமானை யாராவது ஒருத்தர் வெளியே எடுக்கத்தானே வேண்டும்?

அதற்காக அவரை ஏதோ அசடு என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் யாருக்குப் பணத்தில் சந்தேகம் வந்தாலும் நேரே அவரிடம்தான் வருவார்கள். கனிமொழி டீச்சர் பழைய வரி முறையா, புதிய வரி முறையா என்று குழம்பிக்கொண்டு வந்தபோது, "அடுத்தவங்க எடுத்தாங்கன்னு நீங்களும் எடுக்காதீங்கம்மா. வூட்டுக் கடன், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ரெண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பாருங்க, எதுல குறையுதோ அதுல நில்லுங்க" என்று பொறுமையாக உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டு கலீல் ரஹ்மானின் மகன் சஹீர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தபோது, "ஊர்ல இருந்தப்போ ஆரம்பிச்ச கணக்கையே இன்னும் வச்சிருக்கியா தம்பி? வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்குன்னு கணக்கு இருக்குது, மொதல்ல மாத்து" என்று கண்டித்து அனுப்பினார். இரண்டு பேருக்கும், எல்லாருக்கும், கடைசியாக ஒரு புத்தி சொல்லாமல் விட மாட்டார்.

"டெபாசிட்டைத் தனிப் பேருல போடவே கூடாது. பொண்டாட்டி பேரைச் சேத்துக்கணும். சேத்துக்கிட்டு, 'யாராவது ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்'னு போடச் சொல்லணும். நாளைக்கு நமக்கு ஒன்னு ஆச்சுன்னா அவங்க கோர்ட்டு, தாசில்தார்னு அலைய வேணாம் பாரு."

எவ்வளவு அருமையான புத்தி! அவருடைய எல்லா டெபாசிட்டிலும் அப்படியேதான் இருந்தது. சவரிராஜ், லீமா. யாராவது ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர். இதில் அவர் பின்பாதியை மட்டுமே மனதில் வைத்திருந்தார் என்பது அவருக்கே தெரியாது.

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், அவர் சூளையிலேயே வெந்த முதல் தர வெஸ்டர்ன் க்ளோசெட் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். மேடையிலேயே சவரிராஜ் குனிந்து விரல் கணுவால் அதைத் தட்டிப் பார்த்தார். டிங் என்றது. விரிசல் இல்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. குட்டி யானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

லீமாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவளுக்கு அப்போதே முட்டி தேய ஆரம்பித்திருந்தது. வீட்டில் இருந்ததோ தரையோடு பதித்த பழைய கக்கூஸ். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. சுவரைப் பிடித்து, குழாயைப் பிடித்து, எழுவதற்குள் உயிர் போய்விட்டு வரும். டாக்டரம்மா படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கீழே குந்தி உட்காரவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்கே க்ளோசெட் வந்துவிட்டது! இனி என்ன? தரையை உடைத்து, குழாய் மாற்றி, வைத்துக் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

"கட்டலாம்" என்றார் சவரிராஜ். "செப்டம்பர்ல ஒன்னு முடியுது. மெச்சூர் ஆவட்டும்."

அதுவரைக்கும் என்று க்ளோசெட்டைப் படுக்கையறை மூலையில் வைத்து, தூசி படாமல் லீமாவின் பழைய புடவை ஒன்றைப் போர்த்தினார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அது பாதிரியாரின் மந்திரிப்புக்குக் காத்திருக்கிற அந்தோணியார் சொரூபம் என்று நினைத்து, அதன் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டும் போனார்.

செப்டம்பர் வந்தது. வட்டி விகிதம் குறையப்போவதாகப் பேப்பரில் போட்டிருந்தான். குறைவதற்குள் நல்ல வட்டியில் பூட்டிவிட வேண்டாமா? பூட்டினார். அடுத்தது தை மாதம் ஒன்று முடிந்தது. அப்போது வட்டி விகிதம் ஏறப்போவதாகப் பேப்பரில் போட்டிருந்தான். ஏறுகிற நேரத்தில் பணத்தைச் செலவழிக்கிறவன் முட்டாள் இல்லையா? கொஞ்ச காலத்துக்கு மட்டும் பூட்டினார். வட்டி ஏறினாலும் ஒரு காரணம், இறங்கினாலும் ஒரு காரணம், அசையாமல் நின்றால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம். மாதாமாதம் வட்டி தருகிற டெபாசிட்டுகளின் வட்டி தொடர் வைப்புக்குப் போயிற்று. தொடர் வைப்பு முதிர்ந்து நிரந்தர வைப்பானது. நிரந்தரம் நிரந்தரமாகவே இருந்தது.

இதற்கிடையே சவரிராஜ் இன்னொரு வேலையும் செய்திருந்தார். க்ளோசெட்டின் தண்ணீர்த் தொட்டி காலியாகத்தானே இருக்கிறது? டெபாசிட் ரசீதுகளையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதற்குள் வைத்து மூடியைப் போட்டுவிட்டார். "பீரோன்னா திருடன் உடைப்பான். இதுல எவன் கையை உடுவான்?" என்று லீமாவிடம் பெருமையாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இப்போது க்ளோசெட்டைக் கட்ட வேண்டுமென்றால் பணம் வேண்டும் என்பதோடு, ரசீது வைக்க இடமும் வேண்டும் என்றாகிவிட்டது.

லீமா என்ன செய்தாள்? சண்டை போடவில்லை. வலி தாங்கக்கூடிய நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே சமாளித்தாள். தாங்காத நாளில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு சம்சாத் பேகத்தைப் பார்க்கப் போனாள். அவள் கணவர் கலீல் ரஹ்மான் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டியபோதே வெஸ்டர்ன் வைத்திருந்தார்.

"எங்க கிளம்பிட்ட?" என்பார் சவரிராஜ், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

"சம்சாத் வூட்டுல ஒற மோரு வாங்கியாரேன்."

"நேத்துதானே வாங்கின? நம்ம வூட்டுல தயிரே ஒறையாதா?"

"ஒறையலைங்க. போயிட்டு வரேன்."

சவரிராஜுக்கு இது புரியவே இல்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறாரோ என்று சந்தேகப்பட்டு அவரிடம் ஒரு நாள் சண்டைக்கும் போனார். மற்றபடி மனைவியின் மேல் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. அவளுடைய பக்தி விஷயத்தில் அவருக்குப் பெருமைகூட உண்டு. காலையில் அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, கக்கூஸுக்குள்ளிருந்து, "யேசுவே... மாதாவே... தாயே..." என்று அடிவயிற்றிலிருந்து குரல் வரும். கேட்டால் கல்லும் கரையும். "எங்க வூட்டு அம்மாவுக்குக் கடவுளை நெனைக்க இடம் காலமே கிடையாது சார். காலையில எழுந்ததும் ஜெபந்தான்" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் சாயங்காலம் தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரசீதுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவர், நல்ல மனநிலையில் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏ லீமா, இதெல்லாம் யாருக்கு? எல்லாம் உனக்குத்தான். எனக்கு ஒன்னு ஆச்சுன்னா நீ யாருகிட்டயும் கையேந்த வேணாம். ராணி மாதிரி இருக்கலாம்."

லீமா கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான் ராணியா ஆவணும்னா நீங்க சாவணுமா?" என்றாள்.

"ச்சே, என்ன பேச்சு பேசுற! ஒரு பாதுகாப்புக்குச் சொன்னேன்."

"இல்லைங்க, தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன். நீங்க இருக்கிற வரைக்கும் நான் இந்த முட்டியோட அல்லாடணும். நீங்க போனப்புறம் மகாராணி மாதிரி வெஸ்டர்ன்ல ஒக்காரணும். அதானே கணக்கு?"

கணக்கு அப்படி இல்லை என்று சொல்ல சவரிராஜ் வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்தால் கணக்கு அப்படித்தான் வந்தது. கணக்கில் அவர் பொய் சொல்ல மாட்டார். ஆகவே மூடியைப் போட்டார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் தன் வேலையில் பிசகே வராது என்று நம்புகிறவருக்குத்தான் பிசகு அழகாக வருகிறது. சவரிராஜ் டெபாசிட்டுகளை ஏணிப் படி மாதிரி அடுக்கியிருந்தார்; ஒன்று முடிந்து சில வாரம் கழித்துத்தான் அடுத்தது முடியும், இரண்டு ஒரே சமயத்தில் வந்து நிற்காது. இந்த வருஷம் ஒன்று மார்ச் முடிந்த மறுநாள் முதிர்ந்தது. அன்றைக்குக் கணக்கு முடிக்கிற நாள், பேங்க்கில் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். வருஷா வருஷம் படிவத்தோடு போய் நிற்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். தேதி போட்டபோது மறந்துவிட்டார். பேங்க் திறப்பது மறுநாள். மறுநாளோ பெண்ணாடத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டிருந்த இன்னொன்று முதிர்கிற நாள். கால் சதவீதம் கூடக் கிடைக்கிறதென்ற அவசரத்தில், ஏணிக் கணக்கைப் பார்க்காமல் பெண்ணாடம் வரை போய்ப் போட்டது.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதே என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லிப் பாருங்கள் அவரிடம். "ஆளே இல்லாம சூளை தானா எரியுமா?" என்று கேட்பார். ஒரு நாள் கழித்துப் போனால் என்ன? ஒரு ராத்திரி அந்தப் பணம் வட்டியில்லாமல் கிடக்குமே! பெற்ற பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் படுக்கப் போட்ட மாதிரி அவருக்குத் தூக்கம் வராது.

வேறு வழியில்லாமல் உள்ளூர் பேங்க்குக்கு லீமாவை அனுப்ப முடிவு செய்தார். முந்தின நாளே பாடம் நடந்தது.

"ரசீதுக்குப் பின்னாடி கையெழுத்துப் போடு. 'புதுப்பிச்சிக் குடுங்க'ன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத. பேனா இந்தா, அவங்க பேனாவைத் தொடாத."

"சரிங்க."

"என்ன சொல்லுவ, சொல்லு பாப்போம்."

"புதுப்பிச்சிக் குடுங்க."

"கெட்டிக்காரி" என்றார் சவரிராஜ். காலையில் பெண்ணாடம் பஸ் ஏறிப் போனார்.

பேங்க்கில் நடந்ததை அவர் பிற்பாடுதான் தெரிந்துகொண்டார். கவுண்ட்டரில் பாரதி என்ற பெண் இருந்தாள். ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுப்பிக்கவாம்மா, இல்லை உங்க கணக்குல வரவு வச்சிடவா?" என்று, எல்லாரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

லீமாவுக்குப் பாடமெல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் இந்தக் கேள்வி பாடத்தில் வரவில்லை.

"வரவு வைக்கணும்னா வூட்டுக்காரரு வரணுமாம்மா?"

"வேணாம்மா. இதுல 'யாராவது ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்'னு போட்டிருக்குது. தேதி முடிஞ்சிடுச்சு, உங்க ரெண்டு பேருல யாரு கையெழுத்துப் போட்டாலும் குடுத்துடுவோம்."

"அவுரு உசுரோட இருக்கிறப்பவேவா?"

பாரதி நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா இருக்கட்டும்மா! எதுக்கு அப்படிக் கேக்குறீங்க?"

லீமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முட்டியைப் பற்றி, மூலையில் புடவை போர்த்திக் கிடக்கிற க்ளோசெட்டைப் பற்றி, செப்டம்பரைப் பற்றி, தை மாதத்தைப் பற்றி எல்லாம் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். பாரதி கணினியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "முழுசா எதுக்கும்மா எடுக்கணும்? இத்தனை வருஷத்துக்குச் சேர்ந்த வட்டியை மட்டும் எடுத்துக்குங்க, உங்க வேலைக்கு அதுவே ஜாஸ்தி. அசலை அப்படியே புதுப்பிச்சிடுறேன்" என்றாள். இந்த யோசனையை சவரிராஜே தெருவில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

லீமா புருஷனின் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள்.

பெண்ணாடத்திலிருந்து திரும்புகிற வழியில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. சவரிராஜுக்கு அலுப்பே தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டு சூளையை மூடிய திருப்தி. பாலக்கரையில் இறங்கி, சாயங்கால வெயிலில் நடந்து வீட்டுக்குள் நுழைந்தவர், ரசீதை வைக்க நேரே படுக்கையறைக்குப் போனார். மூலையில் க்ளோசெட் இல்லை. புடவை மடித்துக் கட்டில்மேல் இருந்தது. ரசீதுகளெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு ஷோகேஸில், அவர் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. கொல்லைப் பக்கம் டங் டங் என்று உளி சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தார். மேஸ்திரி கொளஞ்சியப்பன் கக்கூஸ் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். க்ளோசெட் முருங்கை மரத்தடியில், கழுவித் துடைத்துப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"யாரைக் கேட்டு உடைக்கிற? நிறுத்துப்பா!" என்று கத்தினார் சவரிராஜ். "லீமா! டெபாசிட்ட ஒடைச்சிட்டியா?"

"ஒடைக்கலைங்க" என்று அடுக்களையிலிருந்து மெதுவாக நடந்து வந்தாள் லீமா. "தேதி முடிஞ்சிதான் எடுத்தேன். வட்டி மட்டுந்தான். அசலு அப்படியே இருக்குது, ரசீது டின்னுல இருக்குது, பாத்துக்குங்க."

"உன்னை யாரு எடுக்கச் சொன்னது?"

"நீங்கதான். அதுல எழுதி வச்சிருக்கீங்களே, 'யாராவது ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்'னு. நான் உயிரோட இருப்பவரா ஆவுற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மனசு வரலைங்க. அதான், யாராவது ஒருத்தரா போயி எடுத்தாந்துட்டேன்."

சவரிராஜ் சுற்றும் முற்றும் பார்த்தார். அபராதம் இல்லை, அசல் குறையவில்லை, வெடித்தது என்று காட்ட ஒரு சில்லுகூட இல்லை. கோபப்படுவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று அவர் தவித்த தவிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மதில்சுவருக்கு மேல் சம்சாத் பேகத்தின் தலை தெரிந்தது.

"என்னாண்ணே, வேலை ஆரம்பிச்சிட்டீங்களா? மாஷா அல்லாஹ்! இனிமே அக்கா ஒற மோருக்கு அலைய வேணாம்."

"ஒற மோருக்கும் கக்கூஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சம்சாத் பேகம் லீமாவைப் பார்த்தாள். லீமா தரையைப் பார்த்தாள். "போங்கண்ணே, தெரியாத மாதிரி கேக்குறீங்களே" என்றாள் சம்சாத். "ஒற மோரு வாங்குறவங்க கிண்ணத்தக் காலியாவா வூட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவாங்க?"

சவரிராஜ் முருங்கை மரத்தடியில், க்ளோசெட் மூடியின்மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். சூளையில் விரிசல் விட்ட சாமானை ஒரு தட்டுத் தட்டியே கண்டுபிடிக்கிற மனிதர். பால்காரரோடு சண்டை போட்டாரே தவிர, அந்தக் கிண்ணத்தை ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "மட்டம் பாத்து வைப்பா. எங்க சூளைச் சரக்கு அது" என்று மட்டும் சொன்னார்.

அவர் ஆசைக்கும் ஒன்று நடந்தது. வேலை முடிந்ததும் கொளஞ்சியப்பன் கையைக் கழுவிக்கொண்டே, "சிமென்ட்டு இறுவணும். நான் சொல்ற வரைக்கும் யாரும் ஒக்காரக் கூடாது" என்றார். சவரிராஜின் முகத்தில் பழைய களை திரும்பி வந்துவிட்டது. "கேட்டியா லீமா? ஆறட்டும்! நான் சொன்னா சிரிப்பீங்களே!" என்று கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். பூனையைக்கூட உள்ளே விடவில்லை. அந்தச் சில நாளும் லீமா கடைசியாக ஒற மோருக்குப் போய் வந்தாள்; இந்த முறை கிண்ணத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

கொளஞ்சியப்பன் உத்தரவு கொடுத்த மறுநாள் காலை. சவரிராஜ் வழக்கம்போல் காப்பியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தார். லீமா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் திருப்பினார். ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. காது கொடுத்துக் கேட்டார். "யேசுவே" இல்லை. "மாதாவே" இல்லை. சத்தமே இல்லை.

விருட்டென்று எழுந்தார். காப்பி பேப்பரில் கொட்டி வட்டி விகிதமெல்லாம் நனைந்தது. கவனிக்கவில்லை. வழுக்கி விழுந்துவிட்டாளா? மயக்கமா? அந்த நொடியில் அவரிடம் வந்து எந்த டெபாசிட் என்றைக்கு முடிகிறது என்று கேட்டிருந்தால், சத்தியமாக ஒரு தேதிகூடச் சொல்லியிருக்க மாட்டார். ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் இடித்தார்.

"லீமா! ஏ லீமா!"

"இருக்கேங்க! என்னாத்துக்குக் கதவ ஒடைக்கிறீங்க?"

"சத்தமே காணோமே... ஜெபம் பண்ணலையா நீ?"

உள்ளிருந்து சிரிப்பு வந்தது. லீமா அப்படிச் சிரித்து அவர் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

"ஜெபமா? ஐயோ மாதாவே! அது முட்டி வலியில கத்துனதுங்க!"

சவரிராஜ் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். கோயில் வாசலில் அத்தனை பேரிடம் சொன்னாரே, அதெல்லாம் நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. "நீ நிதானமா வா, அவசரமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய், தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, அவளுக்கும் ஒரு காப்பி கலந்து வைத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

சவரிராஜ் திருந்திவிட்டாரா என்று கேட்டால், இன்னும் ரசீதுகளைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார், வட்டி விகிதம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், பெண்ணாடத்துக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் தெருவில் யாராவது யோசனை கேட்டு வந்தால், கடைசியில் சொல்கிற புத்தியில் ஒரு வரி கூடியிருக்கிறது. "பொண்டாட்டி பேரைச் சேத்துக்கணும். சேத்துட்டு, பேங்க்குக்கும் அவங்களையே அனுப்பணும்."

நன்றாகச் சிரித்தீர்கள். இப்படியும் ஒரு மனிதரா என்று எதிர் வீட்டைப் பார்த்துக்கூடச் சிரித்திருப்பீர்கள். சரி, உங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கு இன்னும் அந்தப் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா? ஷோகேஸில் இருக்கிற பீங்கான் கோப்பைகளில் கடைசியாக டீ குடித்தது யார்? வேளாங்கண்ணிக்கோ, ஊட்டிக்கோ, வேறெங்கேயோ, "அந்தப் பணம் வரட்டும், போகலாம்" என்று நீங்கள் சொன்னது எந்தப் பணம் என்றாவது ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு அடிக்கடி யாராவது போய் வருகிறார்களா? பயப்படாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை. நாளைக் காலையில் மட்டும் கொஞ்சம் காது கொடுத்து, உங்கள் வீட்டில் எந்தச் சாமியின் பெயர் கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது என்று பாருங்கள்.

நாளைக்கு வேண்டாம், இந்த மாதம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறதா? வாருங்கள், உட்காருங்கள். உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.